பிடிக்காத விளம்பரம் ஏன் நிற்பதில்லை?

போன் அடிக்கிறது. தெரியாத எண். முக்கியமாக ஏதாவது இருக்குமோ என்று கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எடுக்கிறோம். அரை நொடி மௌனம். பிறகு கணீரென்று ஒரு குரல்: "வணக்கம், நான் உங்கள் வேட்பாளர் பேசுகிறேன்." பழக்கதோஷத்தில் "சொல்லுங்க" என்று விடுகிறோம். அந்தப் பக்கம் ஆளே இல்லை என்பது உறைக்க இரண்டு வாக்கியமாவது ஆகிறது. ஒருமுறை அப்படியொரு பதிவுக் குரலிடம் "இப்ப வேலையா இருக்கேங்க, அப்புறம் பேசறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன். அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்பாட்டுக்கு வாக்குறுதிகளை அடுக்கிக்கொண்டே போனது.

தேர்தல் நேரத்து விளம்பரங்களை ரசிக்கிறேன் என்று சொல்லும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. டிவியைப் போட்டால் விளம்பரம், யூடியூபைத் திறந்தால் விளம்பரம், குறுஞ்செய்தி, சுவரொட்டி, ஒலிபெருக்கி. கட்சிக்காரர்களுக்கே மற்ற கட்சிகளின் விளம்பரம் என்றால் ஆகாது. ஆனாலும் அடுத்த தேர்தலில் குறைகிறதா? இன்னும் கொஞ்சம் கூடித்தான் வருகிறது. இத்தனை பேருக்குப் பிடிக்காத ஒன்று எப்படி இவ்வளவு செழிப்பாக வளர்கிறது? சந்தையில் யாருக்கும் பிடிக்காத பொருள் தானாகக் காணாமல் போக வேண்டுமே.

அந்தப் புதிரைத்தான் இங்கே அவிழ்த்துப் பார்க்கப் போகிறோம். பொருளாதாரம், அரசியல் அறிவியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சோப்பும் ஓட்டும்

ஒரு சோப்புக் கம்பெனியிலிருந்து தொடங்குவோம். விளம்பரம் எரிச்சலூட்டினால் நாம் வேறு சோப்பை வாங்கிவிடுவோம். இன்று வாங்காவிட்டாலும் அடுத்த மாதம் வாங்க வேண்டும், அதற்கடுத்த மாதமும் வாங்க வேண்டும் என்பதால் நம்மைப் பகைத்துக்கொள்ள அந்தக் கம்பெனிக்குத் தைரியம் வராது. இல்லாத குணத்தை இருப்பதாகச் சொன்னால் பல நாடுகளில் நுகர்வோர் சட்டம் கழுத்தைப் பிடிக்கும். எதிரிக் கம்பெனி சோப்பைப் போட்டால் தோல் உரியும் என்று பயம் காட்டினால் மக்கள் சோப்பு என்ற சாமானையே சந்தேகிக்கத் தொடங்குவார்கள். அதனால் அங்கே ஓர் எல்லை தானாகவே விழுந்துவிடுகிறது.

தேர்தலில் இவை எதுவுமே இல்லை. வாங்கும் நாள் ஒன்றே ஒன்று. அந்த நாள் தாண்டிவிட்டால் அடுத்த 'விற்பனை' நான்கைந்து வருடம் கழித்துத்தான். 30 சதவீதச் சந்தையைப் பிடித்த சோப்புக் கம்பெனி கொண்டாடும். ஒரு தொகுதியில் 49 சதவீதம் வாங்கித் தோற்ற வேட்பாளருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆக, கடைசி நாளுக்குள் கையில் இருக்கும் பணம் முழுவதையும் கொட்டித் தீர்த்துவிடுவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். மிச்சம் பிடித்து என்ன செய்வது?

இப்போது எதிராளியைத் தூற்றும் விளம்பரத்துக்கு வருவோம். மக்கள் அதிகம் வெறுப்பது இதைத்தான். ஒரு சின்னக் கணக்கு. இரண்டே பேர் மோதுகிறார்கள். எதிராளிக்கு 100 ஓட்டு, எனக்கு 98. அவருடைய ஆதரவாளர் ஒருவரை என் பக்கம் இழுத்தால் 99-க்கு 99, சமம். ஆனால் மனிதர்கள் அவ்வளவு எளிதாகக் கட்சி மாற மாட்டார்கள். சரி, மாற வேண்டாம். "நம்ம ஆளும் சரியில்லையோ" என்று இரண்டு பேருக்குக் கசந்துபோய் ஓட்டுப்போடாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால்? 98-க்கு 98. அதுவும் சமம்தான். என்னை யாருக்கும் பிடிக்க வைக்காமலே, எதிராளியைப் பிடிக்காமல் செய்தே நான் இடைவெளியை மூடிவிட்டேன். சோப்புக்கு இந்த வழி கிடையாது. எதிரிச் சோப்பை ஒருவர் வாங்காமல் விட்டால் என் பெட்டியில் ஒரு காசுகூட விழாது.

நான்கைந்து பேர் மோதும் இடத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஒருவர் மேல் பூசிய சேற்றில் மூன்றாமவர் அறுவடை செய்துவிடலாம். இன்னொன்று, இப்படித் தூற்றுவது உண்மையிலேயே பலிக்கிறதா என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2007-ல் அமெரிக்க அறிஞர்கள் அலசியபோது, மற்ற விளம்பரங்களைவிட அது அதிகம் பலிப்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. நினைவில் மட்டும் நன்றாக நிற்கிறது. ஆனால் பிரசாரக் குழு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த ஆய்வைவிட மேலே சொன்ன 100-க்கு 98 கணக்குதான் சீக்கிரம் புரிகிறது.

தலைவலி மாத்திரை விற்றவர்

தொலைக்காட்சியில் தேர்தல் விளம்பரம் எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 1952, அமெரிக்கா. அதிபர் வேட்பாளர் ஐசனோவர், இரண்டாம் உலகப் போரின் பெரிய தளபதி. அவருக்காக 20 நொடிக் குறும்படங்களைத் தயாரித்துக் கொடுத்தவர் ராசர் ரீவ்ஸ் என்ற விளம்பரக்காரர். குடிமகன் ஒருவர் கேள்வி கேட்பார், ஐசனோவர் பதில் சொல்வார். "விலைவாசி ஏறிப்போச்சே" என்பது மாதிரி ஒரு கேள்வி, இரண்டே வரியில் ஒரு பதில். முடிந்தது.

படம் பிடித்த விதம்தான் சுவாரசியம். பதில்களை முதலில் எடுத்துவிட்டார்கள். ஒரே நாளில், ஒரு ஸ்டுடியோவில், எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து ஐசனோவர் சுமார் 40 பதில்களை ஒப்பித்து முடித்தார். கேள்வி கேட்பவர்களைப் பிறகுதான் தேடினார்கள். நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்கு வந்த சாதாரண ஜனங்களில் முகம் பொருத்தமாக இருந்தவர்களைப் பிடித்து, பதிலுக்கு ஏற்ற கேள்வியைக் கேட்க வைத்தார்கள். கேட்டவரும் சொன்னவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. திரையில் மட்டும் தளபதி அந்தக் குடிமகனின் கண்ணைப் பார்த்துப் பேசுவதுபோல இருக்கும். ஒரு கிழட்டுச் சிப்பாய்க்கு இந்தக் கதியா என்று படப்பிடிப்புக்கு நடுவே அவரே சலித்துக்கொண்டார் என்பார்கள்.

எதிர்த்து நின்ற ஸ்டீவன்சனுக்கு இது ஆறவே இல்லை. காலைச் சிற்றுண்டித் தானியத்தை விற்பதுபோல உயர் பதவிக்கான வேட்பாளரை விற்பது ஜனநாயகத்துக்கே அவமானம் என்று 1956-ல் மறுபடி வேட்பாளரானபோது பேசினார். இரண்டு தடவையும் தோற்றார்.

இந்த ராசர் ரீவ்ஸுக்கு இன்னொரு பெருமை உண்டு. அனாசின் தலைவலி மாத்திரைக்கு அவர் எடுத்த விளம்பரத்தில் மண்டைக்குள் சுத்தியல் டங் டங்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். பார்த்தவர்களுக்கே தலைவலி வந்துவிடும் போல ஒரு படம். மக்கள் திட்டித் தீர்த்தார்கள். மாத்திரை விற்பனையோ பன்மடங்கு ஏறியது. பார்ப்பவருக்குப் பிடிப்பதும் பார்ப்பவருக்குள் பதிவதும் ஒன்றல்ல என்பதைத் தெரிந்து வைத்திருந்த ஆள்தான் தேர்தல் விளம்பரத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்.

அடுத்த பாடம் 1964-ல். செப்டம்பர் 7 இரவு, அதிபர் ஜான்சன் தரப்பு ஒரே ஒரு முறை காசு கொடுத்து ஒரு விளம்பரத்தை ஒளிபரப்பியது. ஒரு சின்னப் பெண் பூவிதழ்களைப் பிய்த்துத் தப்பும் தவறுமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று ஓர் ஆண் குரல் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறது. பூஜ்யத்தில் அணுகுண்டு வெடிக்கிறது. எதிர் வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயரே அதில் வரவில்லை. பெரிய கூச்சல் எழுந்தது. கூச்சலைப் பற்றிச் செய்தி சொன்ன தொலைக்காட்சிகள் அந்த விளம்பரத்தையும் எடுத்துக் காட்டின, இலவசமாக. நாம் கோபப்பட்டு "இதைப் பாருங்க, எவ்வளவு கேவலம்" என்று பத்து பேருக்கு ஃபார்வர்ட் செய்யும்போது இன்றைக்கும் அதே வேலையைத்தான் செய்துகொடுக்கிறோம்.

உங்களுக்காக எடுக்கப்பட்டதே இல்லை

எரிச்சலின் ஒரு பெரிய காரணம், பெரும்பாலான விளம்பரங்கள் நம்மைக் குறி வைத்தவையே அல்ல. யாருக்கு ஓட்டு என்று ஏற்கனவே முடிவு செய்துவிட்டவர்களே பெரும்பான்மை. விளம்பரம் தேடுவது இரண்டு சாராரை: இன்னும் மதில்மேல் பூனையாக இருப்பவர்கள், நம் ஆள்தான் ஆனால் வாக்குச்சாவடிக்குக் கிளம்பச் சோம்பல்படுபவர்கள். இந்தச் சிலரைத் தனியாகப் பிரித்தெடுக்கத் தொலைக்காட்சியால் முடியாது. எனவே பத்து பேரை எட்டுவதற்காக நூறு பேர் வீட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறார்கள். மீதித் தொண்ணூறு பேருக்கு அது வெறும் இரைச்சல்.

அமெரிக்க அதிபர் தேர்தலில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அங்கே மாநிலம் மாநிலமாகக் கணக்கு. எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழெட்டு மாநிலங்கள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. மற்ற மாநிலத்தவர் வருடம் முழுக்க நிம்மதியாக டிவி பார்க்கலாம். இந்த மாநிலங்களில் இருப்பவர்களுக்கு மூச்சுவிட இடமிருக்காது. 2012-ல் அப்படியொரு மாநிலமான கொலராடோவில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, ஒபாமா, ராம்னி இருவர் பெயரையும் மழலையில் சொல்லிச் சொல்லி, போதும் போதும் என்று விசும்பி அழுத காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அவள் அழுதது விளம்பரத்தைக் கேட்டுக்கூட இல்லை, காரில் ஓடிய வானொலிச் செய்தியைக் கேட்டு. அந்தப் பொது வானொலி அவளிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டது. வேட்பாளர்களுக்கு மன்னிப்புக் கேட்கும் அவசியம் இருக்கவில்லை. அவளுக்கு ஓட்டு இல்லை.

இணைய விளம்பரம் வந்தபோது இந்தத் தொல்லை தீரும் என்றார்கள். வயது, இடம், ஆர்வம் எல்லாம் தெரிந்திருப்பதால் தேவைப்படுகிறவருக்கு மட்டும் காட்டலாமே என்பது வாதம். நடந்தது வேறு. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு வாக்குறுதி, மகளுக்கு வேறொரு வாக்குறுதி போய்ச் சேரலாம். இருவரும் ஒருவர் போனை ஒருவர் பார்ப்பதில்லை. சுவரொட்டியில் பொய் இருந்தால் ஊரே பார்த்துக் கேள்வி கேட்கும். ஆளுக்கொரு திரையில் ஓடி மறையும் விளம்பரத்தை யார் கேட்பது? முன்பு எரிச்சல் மட்டும்தான் இருந்தது. இப்போது "என்னைப் பற்றி இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற கிலியும் சேர்ந்துகொண்டது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனம் கோடிக்கணக்கான ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்களை அவர்கள் சம்மதமில்லாமல் அரசியல் வேலைக்கு எடுத்துக்கொண்டது 2018-ல் அம்பலமான பிறகு அந்தக் கிலி ஆதாரமற்றது என்று யாரும் சொல்வதில்லை.

அம்மி நகருமா?

ஒரே விளம்பரத்தை ஏன் நூறு தடவை போடுகிறார்கள்? அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதுதான் பதில். இதற்கு ஒரு அழகான பரிசோதனை உண்டு. 1960-களின் இறுதியில் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர், மிச்சிகன் மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழக மாணவர் நாளிதழ்களில் தினமும் ஒரு சின்னக் கட்டம் வரும்படி ஏற்பாடு செய்தார். கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல்: 'கதிர்கா', 'சரிசிக்', 'நன்சோமா' இப்படி. வாசகர்களுக்கு அவற்றின் பொருள் தெரியாது. என்ன விளம்பரம், யார் கொடுத்தது, எந்த விளக்கமும் கிடையாது. சில சொற்கள் அடிக்கடி வந்தன, சில அபூர்வமாக வந்தன. சில வாரம் கழித்து, இந்தச் சொல் நல்லதைக் குறிக்கிறதா கெட்டதைக் குறிக்கிறதா என்று மாணவர்களிடம் கேட்டபோது, அடிக்கடி கண்ணில் பட்ட சொற்களுக்கு 'நல்லது' என்ற மதிப்பு கூடுதலாகக் கிடைத்தது. பழகிய முகம் நல்ல முகமாகிவிடுகிறது. வேட்பாளர் பெயரைக் காதில் போட்டுக்கொண்டே இருப்பதன் சூட்சுமம் இதுதான்.

1977-ல் இன்னொரு சோதனை. சில கூற்றுகளை இரண்டு வார இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு, அவை புதிதாகக் கேட்ட கூற்றுகளைவிட உண்மையாகப் பட்டன. உண்மையோ பொய்யோ, காதுக்குப் பழகினால் போதும்.

இதற்கு எதிர்த்திசையிலும் மனம் இழுக்கும். நம் விருப்பத்துக்குள் யாராவது கையை விட்டால், வேண்டுமென்றே மாற்றிச் செய்யத் தோன்றும் குணம் எல்லோருக்கும் உண்டு. ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார். "இவருக்கே ஓட்டுப் போடுங்கள்" என்று பத்தாவது முறை கேட்கும்போது "போட மாட்டேன் போ" என்று உள்ளே ஒரு குழந்தை முரண்டு பிடிக்கிறதே, அதுதான். ஆக, முதல் சில தடவை அம்மி நகர்கிறது. அதற்கப்புறம் அடிப்பவர் மேல் எரிச்சல்தான் வருகிறது. எத்தனையாவது அடியில் நிறுத்த வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் நூறாவது அடி வாங்குபவரும் முதல் அடி வாங்குபவரும் ஒரே டிவியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. "எனக்கு இதெல்லாம் ஏறாது, மற்ற ஜனங்கள்தான் ஏமாந்துவிடுவார்கள்" என்று நாம் ஒவ்வொருவரும் நினைக்கிறோம். 1983-ல் டேவிசன் என்ற சமூகவியலாளர் இந்த நினைப்புக்கே தனிப் பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். விளம்பரத்தின் மீதான நம் கோபத்தில் பாதி, நம்மைப் பற்றியது அல்ல. அறிவில்லாத பிறத்தியார் மயங்கிவிடுவார்களே என்ற பதைப்பு. அந்தப் பிறத்தியாரும் நம்மைப் பற்றி அப்படியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் ஓட்டு விழுகிறதா?

விழுகிறது, ஆனால் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாக. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது 49 விளம்பரங்களை எடுத்து, 59 பரிசோதனைகளில், சுமார் 34,000 பேரிடம் காட்டிப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. வேட்பாளரைப் பிடிக்குமா என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டால், சராசரியாக நகர்ந்தது 0.05 புள்ளி. புகழ்ந்தாலும் தூற்றினாலும், முன்கூட்டிப் போட்டாலும் கடைசியில் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. நேரில் வீடு வீடாகப் போவது, தபால், தொலைபேசி, விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்து 49 களப் பரிசோதனைகளை 2018-ல் அலசிய இன்னொரு ஆய்வு, பொதுத்தேர்தலில் இவற்றால் மனம் மாறும் அளவு சராசரியாகப் பூஜ்யம் என்றே மதிப்பிட்டது.

பணம் கொட்டியும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. 2020-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்கான உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்ட மைக்கேல் புளூம்பெர்க், மூன்று மாதச் சொச்சத்தில் ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவழித்து, அமெரிக்க சமோவா என்ற சின்னஞ்சிறு தீவுப் பகுதியை மட்டும் வென்று விலகினார். ஆஸ்திரேலியாவில் 2019-ல் சுரங்க அதிபர் கிளைவ் பால்மரின் கட்சி 6 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் கொட்டியது. கிடைத்த இடங்கள், சைபர்.

2006-ல் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெரியின் பிரசாரக் குழு ஒரு காரியம் செய்தது. எந்த நகரத்தில் எந்த வாரம் எவ்வளவு டிவி விளம்பரம் ஓட வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க ஆய்வாளர்களிடமே விட்டுவிட்டது. தெரிந்த உண்மை: விளம்பரம் ஓடிய வாரத்தில் ஆதரவு நன்றாகவே ஏறியது; ஒன்றிரண்டு வாரத்தில் சுவடே இல்லாமல் போனது. கடைசி வாரத்தில் நாம் மூச்சுத்திணறுவதன் ரகசியம் இங்கே இருக்கிறது. சாயம் இவ்வளவு சீக்கிரம் வெளுக்கும் என்றால் முன்கூட்டிப் பூசி என்ன பயன்? எல்லோருமே கடைசி நேரத்துக்குப் பணத்தைப் பதுக்கி வைக்கிறார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் திறந்துவிடுகிறார்கள்.

எரிச்சலுக்கு யார் காசு கொடுப்பது?

இவ்வளவு குறைந்த பலனுக்கு இவ்வளவு செலவா என்றால், அறை நிறைய ஆட்கள் பேசும் ஒரு விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குரலை உயர்த்துகிறார். பக்கத்தில் இருப்பவர் தன் பேச்சு கேட்க இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறார். அரை மணி நேரத்தில் எல்லோரும் கத்துகிறார்கள். யார் பேச்சும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கவில்லை. ஆனால் ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசினால் அவர் குரல் செத்துவிடும். என் விளம்பரமும் எதிராளியின் விளம்பரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதாலும் மொத்தப் பலன் பூஜ்யமாகத் தெரியலாம். நான் மட்டும் நிறுத்தினால் அது பூஜ்யமாக இல்லாமல் போகலாம். ஆயிரம் ஓட்டில் முடிவாகும் தொகுதியில் அந்த 0.05-க்கும் பயந்துதான் ஆக வேண்டும். விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் வாங்கும் ஆலோசகர்கள் "போதும், குறைத்துக்கொள்வோம்" என்று சொல்வார்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பொருளியலில் 'புறவிளைவு' என்று ஒரு கருத்து இருக்கிறது. தொழிற்சாலை புகை விடுகிறது. லாபம் முதலாளிக்கு, இருமல் அக்கம்பக்கத்துக்கு. இருமலுக்கான செலவு முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறாதவரை புகை குறையாது. தேர்தல் விளம்பரத்தின் எரிச்சலும் அப்படிப்பட்ட புகைதான் என்பது என் வாதம். ஒரு கட்சி மட்டும் தொல்லை கொடுத்தால் அதற்கு ஓட்டுப் போடாமல் தண்டிக்கலாம். எல்லோரும் கொடுக்கிறார்கள். நம் கோபத்தைக் கொண்டுபோய்ப் போட எந்தச் சின்னத்திலும் இடமில்லை. விளம்பரத்தைப் பார்த்து வெறுத்துப்போய் ஓட்டே போடாமல் இருந்தால், முன்பே பார்த்தோமே, அதுவும் யாரோ ஒருவருடைய கணக்கில் லாபமாகத்தான் சேர்கிறது.

சரி, சட்டம் போட்டுத் தடுக்கலாமே? சட்டம் போடுபவர்கள் யார் என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்று எண்ணைப் பதிவுசெய்துவிட்டால் கம்பெனிகள் அழைக்கக் கூடாது. அரசியல் அழைப்புகளுக்கு அந்தத் தடை கிடையாது. ஆஸ்திரேலியாவிலும் வேண்டாத செய்திகளைத் தடுக்கும் 2003-ஆம் வருடச் சட்டம் கட்சிகளுக்கு விலக்கு அளிக்கிறது. மேலே சொன்ன பால்மரின் கட்சி 2019 ஜனவரியில் லட்சக்கணக்கானவர்களுக்குக் கேட்காமலே குறுஞ்செய்தி அனுப்பியது. அதில் ஒரு செய்தி என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் ஆட்சிக்கு வந்தால் கேட்காமல் வரும் அரசியல் குறுஞ்செய்திகளைத் தடை செய்வோம் என்றது.

பொய்க்கும் இதே கதைதான். அமெரிக்காவில் வேட்பாளர் கொடுக்கும் விளம்பரத்தை, அதில் பொய் இருக்கிறது என்று தெரிந்தாலும், ஒளிபரப்பு நிலையம் வெட்டவோ திருத்தவோ சட்டம் இடம் தருவதில்லை. தலைவலி மாத்திரை பற்றிச் சொல்ல முடியாத பொய்யை எதிர் வேட்பாளர் பற்றிச் சொல்லலாம். இதில் துணிந்து இறங்கிய இடங்களில் தெற்கு ஆஸ்திரேலியா ஒன்று: அங்கே தேர்தல் விளம்பரத்தில் உண்மைக்குப் புறம்பான தகவலைச் சொல்வது 1985 முதலே குற்றம்.

வேறு சில நாடுகள் கதவையே சாத்திவிட்டன. பிரிட்டனில் தனியார் தொலைக்காட்சி தொடங்கிய 1950-களிலிருந்தே காசு கொடுத்து டிவியிலோ வானொலியிலோ அரசியல் விளம்பரம் செய்ய முடியாது. கட்சிகளுக்கு இலவச நேரம் ஒதுக்குவார்கள். இந்தத் தடை பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2013-ல் தடை தப்பியது, 9-க்கு 8 என்ற கணக்கில். பிரேசிலிலும் காசுக்கு நேரம் வாங்க முடியாது. இலவச நேரம்தான், அதில் பெரும்பகுதி நாடாளுமன்ற பலத்துக்கு ஏற்பப் பிரியும். இந்தியாவில் டிவி விளம்பரங்களுக்கு 2004-லிருந்து முன்சான்றிதழ் வாங்க வேண்டும், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது. வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, கட்சியின் செலவுக்கு இல்லை. அந்த ஒரு ஓட்டை போதாதா?

சட்டம் விபரீதமாகத் திரும்பியதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பான். தேர்தல் நேரத்தில் அங்கே ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் வேட்பாளர் பெயரை மட்டும் மறுபடி மறுபடி கூவிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். கொள்கையைச் சொல்லாமல் ஏன் வெறும் பெயரைக் கத்துகிறார்கள் என்று மக்களுக்கே அலுப்பு. காரணம் சட்டம்தான்: ஓடும் வண்டியிலிருந்து பிரசாரம் கூடாது, பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் விலக்கு, அதுவும் காலை 8 முதல் இரவு 8 வரை. ஸயான்ஸின் 'கதிர்கா' சக்கரம் கட்டிக்கொண்டு போவதுபோல.

ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் இன்னொரு பக்கம் வழிகிறது. "இந்த விளம்பரத்துக்கு என் ஒப்புதல் உண்டு" என்று வேட்பாளரே சொல்ல வேண்டும் என அமெரிக்கா 2002-ல் விதித்தது. சேறு பூசும் வேலை மெல்ல மெல்ல, வேட்பாளரோ கட்சியோ அல்லாத வெளிக்குழுக்களின் கைக்குப் போனது. 2010-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் குழுக்களின் செலவுக்கு வரம்பே இல்லாமல் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், யார் காசு, யாருக்குக் குறி என்பதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லக் கட்டாயப்படுத்தும் விதிகள் 2025 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. இவ்வளவு வம்பு எங்களுக்கு வேண்டாம் என்று கூகுளும், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் அங்கே அரசியல் விளம்பரத்தையே விட்டு விலகின. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஆட்சியில் இருப்பவருக்கு ரிப்பன் வெட்டினாலே செய்தியில் இடம் கிடைக்கும். யாருக்கும் தெரியாத புதுமுகத்துக்குக் குறைந்த செலவில் பெயரைச் சொல்ல இருந்த வழி இந்தச் சின்னச் சின்ன இணைய விளம்பரங்கள்தான். முழுத்தடை கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் தயங்கி நிற்பது இந்த இடத்தில்.

அடுத்த முறை விளம்பரம் குறுக்கே வந்தால் அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படித்துப் பாருங்கள். காசு கொடுத்தது வேட்பாளரா, கட்சியா, கேள்விப்படாத ஏதோ ஒரு 'மக்கள் மன்றமா' என்று தெரியும். ஃபேஸ்புக்கில் அரசியல் விளம்பரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் பொது நூலகம் ஒன்று 2018 முதல் இருக்கிறது. அதைப் பார்க்க ஃபேஸ்புக்கில் கணக்குகூட வேண்டாம், பெயரைப் போட்டுத் தேடினால் போதும். ஒரே கட்சி எந்த வயதுக்காரருக்கு எதைக் காட்டியது, தோராயமாக எவ்வளவு செலவழித்தது என்பது வரிசையாக வரும். நான் பார்த்தபோது எனக்கு ஒருநாளும் காட்டப்படாத வாக்குறுதிகள் அதில் இருந்தன. எனக்கு வந்ததற்கு நேர் எதிராக ஒன்று, அதே மனிதரின் அதே சிரித்த முகத்தோடு.